பலகையின் அடிப்பக்கம்: எட் டெம்பிள்டனின் தொழில் வாழ்க்கை, ஊட்டியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஊட்டி இந்து நகரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்காக எழுத ஆரம்பித்தது இது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறான், நன்றாக வரையவும் செய்கிறான். இரண்டையும் சேர்த்தே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா சேரிங் கிராஸ் பக்கம் டாக்ஸி ஓட்டுபவர். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகு சவாரி முன்பு மாதிரி இல்லை என்பார். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேடம், இவன் வரையறது நல்லாத்தான் இருக்கு. இதுல மாசம் பொறந்தா இவ்வளவு வரும்னு ஒண்ணு இருக்கா?"

நான் ஓவியம் சொல்லித்தருகிறவள். "ஆர்வம் இருந்தால் போதும், தானாக வரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளை நடுவழியில் விட்டுவிடுகிறோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குக் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும். ஆகவே, ஸ்கேட்டிங்கையும் ஓவியத்தையும் சேர்த்தே முப்பது வருஷத்துக்கு மேல் தொழிலாகச் செய்துவரும் ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பணம் எந்த வழியில் வந்தது, எது எப்போது கைகொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் கலிபோர்னியாக்காரரான எட் டெம்பிள்டன்.

டோனி ஹாக்கை எடுக்காததற்குக் காரணம் உண்டு. பையன் முதலில் சொன்ன பெயர் அதுதான். ஹாக் பதின்பருவத்திலிருந்தே போட்டிகளில் யாரும் நெருங்க முடியாத இடத்தில் இருந்தவர். 1999-இல் அவர் பெயரில் வீடியோ கேம் வந்து, உலகமே அவரைத் தெரிந்துகொண்டது. அந்த வாழ்க்கையை வியக்கலாம், அதிலிருந்து நம் வீட்டுப் பிள்ளை எடுத்துக்கொள்ள அதிகமில்லை. டெம்பிள்டன் அப்படிப் பதக்கங்களால் வளர்ந்தவர் இல்லை. அவரை வளர்த்தது வேலை. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன்.

பதினெட்டு வயதில் புரோ

டெம்பிள்டன் பிறந்தது 1972. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே ஹன்டிங்டன் பீச் என்ற கடலோர ஊர்தான் அவருடைய ஊர் என்று சொல்ல வேண்டும். இன்றும் அவர் படங்களில் பல அந்தக் கடற்கரையில் எடுத்தவைதான். சின்ன வயதில் அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாத்தா பாட்டி துணையில் வளர்ந்த பிள்ளை. 1985-வாக்கில் ஸ்கேட்போர்டில் ஏறினார். 1990-இல், பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில், நியூ டீல் என்ற புதுக் கம்பெனி அவரைப் புரோ ஆக்கியது.

இங்கே பையனின் அப்பாவுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஸ்கேட்டிங்கில் புரோ என்றால் கிரிக்கெட்டில் மாதிரி ஒரு அணி ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுப்பதில்லை. ஒரு பலகைக் கம்பெனி இவர் பெயரைப் போட்டு ஒரு பலகை வெளியிடும். அது விற்கும்போது ஒரு பலகைக்கு இவ்வளவு என்று இவருக்குப் பங்கு வரும். ஒரு பலகைக்கு ஒன்றிரண்டு டாலர் என்பதுதான் அந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அப்புறம் ஷூ கம்பெனி, சக்கரக் கம்பெனி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம். போட்டியில் ஜெயிக்கும் பணம் இதற்கு மேல். அதாவது ஓட்டுகிறவரின் வருமானம் அவர் ஓட்டுவதில் நேரடியாக இல்லை, அவர் பெயர் எழுதிய பொருள் விற்பதில்தான் இருக்கிறது. அந்தப் பொருளை ஒரு பதினைந்து வயதுப் பையன் கடையில் கையில் எடுப்பதற்கு முக்கியமான காரணம் அதன் அடியில் இருக்கும் படம்.

டெம்பிள்டன் ஓட்டும் விதமும் தனி. இம்பாசிபிள் என்று ஒரு வித்தை உண்டு, 1980-களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் கண்டுபிடித்தது. பலகையின் வாலைப் பின்னங்காலால் அழுத்தித் தரையில் தட்டி, பலகை அந்தக் காலைச் சுற்றிச் செங்குத்தாக ஒரு முழுச் சுற்று வரும்படி செய்ய வேண்டும். பலகை பாதத்தை விட்டு விலகவே கூடாது. உயரமும் ஒல்லியுமாக இருந்த டெம்பிள்டன் அதைச் செய்த விதத்தை இன்றும் ஸ்கேட்டர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். நம் பையன் அதைப் பழகத்தான் இரண்டு முறை கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டான்.

புரோ ஆன அதே காலத்தில் டெம்பிள்டன் வண்ணம் தீட்டவும் தொடங்கிவிட்டார். ஸ்கேட்டிங்குக்காக ஐரோப்பா போன இடத்தில் மியூசியங்களுக்குள் நுழைந்தார். ஆஸ்திரிய ஓவியர் எகோன் ஷீலேயின் பாதிப்பு அவர் வரைந்த மெலிந்த உடல்களில் தெரியும். நியூ டீலைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஹவலும் ஸ்கேட்டர், ஓவியர் இரண்டுமே. வேலை செய்யும் இடத்திலேயே அப்படி ஒருவர் இருந்தால் இருபது வயதுப் பையனுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வது விசித்திரமாகத் தோன்றாது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு இல்லாமல் போவது பெரும்பாலும் திறமையோ பலகையோ அல்ல, கண்ணெதிரே அப்படி ஒரு ஆள்.

அடிப்பக்கத்தில் நடந்த வேலை

1990-களின் தொடக்கம் அமெரிக்க ஸ்கேட்டிங் தொழிலுக்குக் கெட்ட காலம். பெரிய சரிவுகளில் ஓட்டும் பழைய பாணி மங்கியது, பெரிய கம்பெனிகள் ஆட்டம் கண்டன. 80-களில் நன்றாகச் சம்பாதித்தவர்கள் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் திணறினார்கள். டெம்பிள்டன் நியூ டீலை விட்டு வெளியே வந்து, மைக் வல்லலி என்ற இன்னொரு புரோவுடன் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. 1993-இல், தன் 21-ஆவது வயதில், டாய் மெஷின் என்ற கம்பெனியைத் தொடங்கினார்.

அவர் தனியாக மர ஆலை வைக்கவில்லை, குடோன் எடுக்கவில்லை. சான் டியேகோவில் டம் யெட்டோ என்ற விநியோகக் கம்பெனி இருந்தது. பலகை செய்ய வைப்பது, கடைகளுக்கு அனுப்புவது, பணம் வசூலிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. யார் ஓட்ட வேண்டும், என்ன வரைய வேண்டும், விளம்பரத்தில் என்ன எழுத வேண்டும் என்பது டெம்பிள்டன் பொறுப்பு. ஓவியனுக்கு வராத வேலையை ஓவியன் தலையில் கட்டவில்லை. இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாக நினைக்கும் முடிவு இதுதான், ஏனென்றால் கலைஞர்கள் தொடங்கும் கடைகள் பெரும்பாலும் சரக்குக் கணக்கில்தான் மூழ்குகின்றன.

இப்போது பலகைக்கு வருவோம். ஒரு ஸ்கேட்போர்டு பலகை என்பது மேப்பிள் மரத்தின் மெல்லிய ஏழு அடுக்குகளைப் பசை தடவி அச்சில் வைத்து அழுத்தியது. அகலம் எட்டு அங்குலம் போல, நீளம் முப்பத்திரண்டு அங்குலம் போல. மேல்பக்கம் முழுக்கக் கருப்பு உப்புத்தாள் மாதிரியான ஒட்டுத்தாள், கால் வழுக்காமல் இருக்க. அடிப்பக்கம்தான் படத்துக்கு. அந்தப் படத்தின் ஆயுள் சில வாரம். கைப்பிடிக் கம்பியிலோ திண்ணை விளிம்பிலோ பலகையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு போகும்போது முதலில் நடுப்பகுதி போகும், அப்புறம் இரண்டு முனையும். பையனின் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் வரைந்திருந்த காட்டெருமையில் மிஞ்சியிருந்தது கொம்பும் ஒரு குளம்பும்தான். நடுவே வெறும் மரம், அதில் குறுக்கே நீளநீளமாக உலோகக் கோடுகள்.

தேய்ந்து போவதற்காகவே வரையப்படும் படம் என்றால் ஓவியனுக்கு என்ன கிடைக்கும் என்று நினைக்கலாம். கிடைப்பது தொடர்ந்த வேலை. ஒவ்வொரு பருவத்துக்கும், பலகை ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் புதுப் படம் வேண்டும், அதோடு டி-ஷர்ட், ஸ்டிக்கர், பத்திரிகை விளம்பரம். டாய் மெஷினின் பெரும்பாலான படங்களை டெம்பிள்டன் கையாலேயே வரைந்தார். கோணல்மாணலான எழுத்து, ராட்சசப் பொம்மைகள், நோட்டுப் புத்தக ஓரத்தில் கிறுக்கியது போன்ற கோடு. "ரத்தம் உறிஞ்சும் ஸ்கேட்போர்டு கம்பெனி" என்று தன் கம்பெனிக்குத் தானே பட்டம் கொடுத்தார். வாடிக்கையாளர்களை "விசுவாசமான பகடைக்காய்களே" என்று அழைத்தார். வாங்க வைப்பதற்காகச் செய்யப்படும் தந்திரத்தையே விளம்பரத்தில் போட்டு உடைத்தார். பிள்ளைகள் அதற்காகவே வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில் பலகைப் படம் ஸ்கிரீன் பிரிண்டிங்தான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன். பலகை வளைவானது என்பதால் இரண்டாவது நிறத்தை முதல் நிறத்தின் மேல் சரியாக உட்கார வைப்பதே பெரிய பாடு. குறைந்த நிறம், தடித்த கோடு, தூரத்திலிருந்து அடையாளம் தெரியும் உருவம் என்று ஒரு ஓவியன் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளக் கற்றுக்கொள்ளும் இடம் அது. பின்னாளில் படத்தைத் தாளில் அச்சிட்டுச் சூடாக்கிப் பலகையில் ஒட்டும் முறை வந்து எத்தனை நிறம் வேண்டுமானாலும் போடலாம் என்றானது. டெம்பிள்டனின் கை அதற்குள் பழகிவிட்டிருந்தது. கல்லூரியில் சேர்ந்து ஓவியம் படிக்காதவருக்கு அந்தப் பலகைகள்தான் பாடசாலை, சோறும் அதில்தான்.

வேனுக்குள் ஒரு கேமரா

1994-இல் அவர் தொடர்ச்சியாகப் படம் எடுக்க ஆரம்பித்தார். ஸ்கேட்டிங் டூர் என்றால் ஏழெட்டு இளைஞர்கள் ஒரு வேனில் ஊர் ஊராகப் போவது. மலிவு லாட்ஜ், அடிபட்ட முழங்கை, கையெழுத்துக்காக நிற்கும் கூட்டம், நடுராத்திரிச் சண்டை. வெளியிலிருந்து வரும் புகைப்படக்காரருக்கு அந்த வேனுக்குள் இடம் கிடைக்காது. டெம்பிள்டன் அந்த வேனில் போன ஸ்கேட்டர்களில் ஒருவர், கம்பெனிக்காரரும்கூட. அவர் கேமரா இருப்பதையே மற்றவர்கள் மறந்துவிட்டார்கள். ஸ்கேட்டிங் பத்திரிகைகள் வித்தையை மட்டும் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது இவர் வித்தைக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பிடித்தார். சிகரெட் பிடிக்கும் பதின்வயதுப் பிள்ளைகளின் முகங்களை ஒரு வரிசையாக எடுத்தது அவரைக் கலையுலகில் முதலில் பேச வைத்தது.

கேலரி உலகம் மெல்லத்தான் வந்தது. நியூயார்க்கில் ஆரன் ரோஸ் நடத்திய அலெஜ்ட் கேலரி, ஸ்கேட்டிங்கிலிருந்தும் சுவர் எழுத்திலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தது. டெம்பிள்டன் அங்கேதான் முளைத்தார். 2002-இல் பாரிஸின் பலே த டோக்கியோவில் தனிக் காட்சி. 2004-இல் சின்சினாட்டியில் தொடங்கிய பெரிய குழுக் காட்சியில் அவரும் இருந்தார். 2010-இல் பெல்ஜியத்தின் கென்ட் நகர மியூசியம் அவர் வேலைகளைப் பெரிய அளவில் வைத்தது. படத்தைச் சட்டமிட்டு வரிசையாகத் தொங்கவிடுவது அவர் பாணி அல்ல. சின்னதும் பெரியதுமாகச் சுவர் முழுக்கக் கொத்தாக மாட்டுவார், படத்தின் மேலேயே எழுதுவார், வண்ணம் தீட்டுவார். பலகை, ஸ்டிக்கர், விளம்பரம் எல்லாவற்றிலும் செய்த அதே கைதான் சுவரிலும்.

இதை நான் பையனின் வீட்டில் சொன்னபோது, மூலையில் உட்கார்ந்திருந்த தாத்தா அதுவரை எதுவும் பேசவில்லை. "அவரு ஃபிலிம்லயா எடுக்கறாரு?" என்று கேட்டார். ஆமாம், பெரும்பாலும் கருப்பு வெள்ளை ஃபிலிம், வீட்டிலேயே இருட்டறை வைத்துப் பிரிண்ட் போடுகிறார் என்றேன். தாத்தா ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். 1960-இல் நிறுவி 1967-இல் உற்பத்தி தொடங்கிய அந்த மத்திய அரசு ஆலையால்தான் இந்து நகருக்கு அந்தப் பெயரே. தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்று ஊட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபிலிம் மேல் ரசாயனம் பூசும் கூடத்தில் முழு இருட்டில், கை பழக்கத்திலேயே நடமாடுவார்கள் என்று தாத்தா சொன்னார். டிஜிட்டல் வந்தது, ஆலை நொடித்தது, ஆட்களை விருப்ப ஓய்வில் அனுப்பினார்கள். இன்று கட்டடம்தான் நிற்கிறது.

அந்த வீட்டில் "நிரந்தர வேலை" என்ற பேச்சுக்கு எவ்வளவு எடை என்பது அங்கே உட்கார்ந்திருந்தால்தான் புரியும். அரசு ஆலையே மூடியதைப் பார்த்த குடும்பம் அது. அதனால் அப்பாவின் பயம் இரண்டு மடங்கு. பையனோ அதையே தன் பக்க நியாயமாக எடுத்துக்கொள்கிறான்: "தாத்தா வேலையும் போகாதுன்னுதானே சொன்னாங்க, மிஸ்." இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்த ஆலை நின்றதோ அந்தப் பொருளை வைத்துக்கொண்டே கலிபோர்னியாவில் ஒருவர் இன்றும் வேலை செய்கிறார் என்பதும் உண்மை. அவருக்குத் தேவை சில சுருள்கள்தான், ஒரு ஊருக்கே சம்பளம் கொடுக்கும் சந்தை அல்ல.

கால் முறிந்த 2012

2012-இல் டெம்பிள்டனுக்குக் கால் எலும்பு மோசமாக முறிந்தது. வயது நாற்பதைத் தொடும் நேரம். ஸ்கேட்டிங்கில் உடம்பு அவ்வளவு நாள் தாங்கியதே பெரிய விஷயம். அதோடு அவருடைய டூர் வாழ்க்கை முடிந்தது.

வருமானம் அதோடு நிற்கவில்லை. டாய் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அடிப்பக்கத்துக்குப் படம் வேண்டியிருந்தது, கேலரிகள் இருந்தன. 1995 முதல் 2012 வரை டூர்களில் எடுத்த படங்களைத் தொகுத்து 2023-இல் அப்பர்ச்சர் பதிப்பகம் பெரிய புத்தகமாக வெளியிட்டது. லாங் பீச் மியூசியம் அதை ஒட்டிக் காட்சியும் வைத்தது. ஓட முடிந்த காலத்தில் எடுத்துவைத்த படங்கள் ஓட முடியாத காலத்துக்கு வேலையாக வந்தன.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வதாக எனக்குத் தோன்றுகிறது. ஸ்கேட்டர் ஓய்வுபெற்ற பிறகு ஓவியர் ஆனார் என்று எழுதுகிறார்கள். தேதிகளைப் பார்த்தால் அப்படி இல்லை. 1990-இல் இரண்டும் ஒன்றாகத் தொடங்கின. இருபத்திரண்டு வருஷம் ஒன்றின் செலவில் இன்னொன்று வளர்ந்தது. முறிந்த காலோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு முதல்முறையாகத் தூரிகை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் அந்த வீட்டில் மேஜையைத் தட்டிச் சொன்ன ஒரே விஷயம் இது: "ரெண்டையும் இப்பவே செய்யணும். ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணுன்னு வச்சா நடக்காது."

கொன்சாலஸ் போன வேறு வழி

ஒப்பிட ஒருவர் வேண்டும் என்பதற்காக மார்க் கொன்சாலஸையும் பார்த்தேன். 1968-இல் பிறந்தவர். தெருவில் இருக்கும் படி, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றையும் ஆடுகளமாக மாற்றியதில் முன்னோடி. 2011-இல் ட்ரான்ஸ்வேர்ல்ட் ஸ்கேட்போர்டிங் பத்திரிகை இதுவரை வந்த ஸ்கேட்டர்களில் மிக அதிகத் தாக்கம் ஏற்படுத்தியவர் என்று அவரைத்தான் சொன்னது. 1989-இல் ப்ளைண்ட் கம்பெனியைத் தொடங்கி, சில வருஷத்தில் அதை விட்டுப் போனார். 2002-இல் க்ரூக்கட் என்ற பெயரில் வேறு கம்பெனி, அதன் படங்களை வரைவது அவரே. 1998-இல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாஹ் நகரில் உள்ள அப்டைபெர்க் மியூசியத்துக்குள் வெள்ளை வாள்வீச்சு உடையில் பலகை ஓட்டியது இன்றும் பேசப்படும் நிகழ்ச்சி.

கொன்சாலஸ் மேதை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொழில் வாழ்க்கை என்று பார்த்தால் அவரை மேதைமை தூக்கிக்கொண்டு போனது. டெம்பிள்டனைத் தூக்கியது ஒரே கம்பெனியில் விடாமல் செய்த அன்றாட வேலை. ஒரு டாக்ஸி ஓட்டுநரின் வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்கு இரண்டாவதுதான் உதவியது.

இதை ஊட்டிக்குக் கொண்டுவந்தால்

முதலில் இடம். 2,240 மீட்டர் உயரத்து ஊரில் சமதரை கிடைப்பதே அரிது. பள்ளி ஷட்டில் கோர்ட், கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்தம், கடைசி பஸ் போன பிறகு பஸ் ஸ்டாண்ட் ஓரம். இதில் எங்கே போனாலும் விரட்ட ஆள் இருப்பார். மலைப்பாதைச் சரிவில் ஓட்டுவது வேறு விளையாட்டு, எதிரே லாரி வரும் ரோட்டில் அதை நான் எந்தப் பிள்ளைக்கும் அனுமதிக்க மாட்டேன். ஜூனிலிருந்து மழையும் பனிமூட்டமும். ஈரம் பட்டால் பலகையின் அடுக்குகள் விரியும், பேரிங் துருப்பிடிக்கும். பேரிங்குக்கு மட்டும் கவலையில்லை. ஸ்கேட்போர்டில் போடுவது 608 என்ற அளவு, மோட்டார்களுக்குப் போடும் அதே பேரிங். கோயம்புத்தூர் பேரிங் கடையில் எண்ணைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

விளையாட்டாகப் பார்த்தால் நம் நாட்டில் வழி திறந்திருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், ஸ்கேட்போர்டிங் முதன்முறையாகச் சேர்ந்தது. ஜப்பானின் 13 வயது மோமிஜி நிஷியா தங்கம் வாங்கினாள். 2022-இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டிலும் அது இருந்தது. சென்னைப் பக்கம் கோவளம், மாமல்லபுரம் கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பலகையில் வளர்கிறார்கள். மலைப்பிள்ளைகளுக்கு அங்கே போய் வர வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் டெம்பிள்டனுக்கு 1990-இல் கிடைத்த முதல் படி இங்கே இல்லை. பெயர் போட்ட பலகை விற்று அதில் பங்கு கொடுக்கும் கம்பெனியை நம்பி இங்கே ஒருவர் வீடு நடத்த முடியாது. இதை மறைத்துவிட்டுப் பேசுவது பையனுக்குச் செய்யும் துரோகம். அமெரிக்காவில் பலகையிலிருந்து படத்துக்குப் போன பாதை, இங்கே படத்திலிருந்து பலகைக்கு வர வேண்டியிருக்கும்.

படத்துக்கு இங்கே ஆதாரம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலு குறும்பர் பழங்குடியினரின் ஓவியத்தைப் பாருங்கள். எழுத்துப்பாறையில் முன்னோர் வரைந்த உருவங்கள் இருக்கின்றன. வேங்கை மரத்துப் பிசின், கரி, இலைச்சாறு, மண் என்று காட்டிலிருந்து எடுத்த நிறங்களால் சுவரில் வரைந்ததைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். பரப்பு மாறியது, கோடு மாறவில்லை. தோடர் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. இந்த மலையில் வரைந்தும் தைத்தும் பிழைக்க வழியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் திருப்பூர். எந்த ஸ்கேட் கம்பெனியையும் கேட்டால் பலகையில் மிச்சம் குறைவு, டி-ஷர்ட்டில்தான் லாபம் என்பார்கள். அந்த டி-ஷர்ட்டுக்கு உலகமே வரும் ஊர் நமக்கு மலை இறங்கினால் பக்கத்தில் இருக்கிறது. டெம்பிள்டனுக்கு டம் யெட்டோ செய்ததை, துணி எடுத்து, வெட்டி, அச்சடித்து, மடித்துக் கொடுக்கும் வேலையை, அங்கே சின்ன அளவில் செய்துதர ஆள் உண்டு.

ஹோம்ஸ்டே சுவர்

பையனுக்கு முதல் அடி இதற்குள் விழுந்திருந்தது. ஒரு ஹோம்ஸ்டேக்காரர் வரவேற்பறைச் சுவரில் படம் வரையச் சொன்னார். பையன் லீவில் உட்கார்ந்து மலை ரயிலும் காட்டெருமையும் பலகை ஓட்டும் பிள்ளையுமாக வரைந்தான். பேசிய பணத்தைக் கொடுத்துவிட்டார். சில மாதம் கழித்து அதே படம் காபி மக்கிலும் டி-ஷர்ட்டிலும் அச்சாகி அங்கே விற்பனைக்கு வந்தது. இவன் பெயர் எங்கும் இல்லை. அப்பாவுக்குக் கோபம், சண்டைக்குப் போக வேண்டும் என்றார்.

சட்டத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஓவியத்தின் முதல் உரிமையாளர் வரைந்தவரே என்கிறது. அடுத்த வரியிலேயே ஒரு விலக்கும் வைக்கிறது: ஒருவர் கேட்டு, பணம் வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்த ஓவியம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், உரிமை கேட்டவருக்கே. அதாவது சுவருக்குப் பணம் வாங்கிய அன்றே மக்குக்கும் சட்டைக்கும் சேர்த்து உரிமை போய்விட்டது. 57-ஆவது பிரிவின்படி "இதை வரைந்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எப்போதும் அவனிடம் இருக்கும். அதை வைத்துப் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டோம், போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

யாரும் கேட்காமல் அவனாகவே வரைந்த படங்களின் கதை வேறு. அவை முழுக்க அவனுடையவை. எழுத்தில் கையெழுத்திட்டுத்தான் அவற்றின் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியும். அப்படி எழுதும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். சுவர் வேலை வந்தால், "இந்தச் சுவருக்கு மட்டும், வேறெதிலும் அச்சிடும் உரிமை ஓவியருக்கே" என்று ஒரு வரி எழுதி, தூரிகையை எடுப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்க வேண்டும். என்னிடம் வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்போது இதைத்தான் முதல் பாடமாகச் சொல்லித்தருகிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்பாதான் கையெழுத்திட வேண்டும் என்பதால் பெற்றவர்களையும் உட்கார வைத்துத்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு

அப்பா பி.காம். என்கிறார், ஊட்டி அரசு கலைக் கல்லூரியில். வீட்டிலிருந்து போய்வரலாம், செலவில்லை. நான் சென்னை அல்லது கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி என்கிறேன். நான்கு வருஷ நுண்கலைப் பட்டம் (பி.எஃப்.ஏ.), நுழைவுக்கு வரைந்து காட்ட வேண்டும், அரசுக் கட்டணம்தான். அதில் காட்சித் தொடர்பு வடிவமைப்புப் பிரிவு எடுத்தால் அச்சு வேலை, விளம்பரம், பெட்டி வடிவமைப்பு எல்லாம் கைக்கு வரும். டெம்பிள்டன் கல்லூரி போகாமலே கற்றுக்கொண்டதைப் பையன் எனக்கு எதிராக எடுத்து வைக்கிறான். அவருக்கு இருபத்தோரு வயதில் மாதாமாதம் படம் கேட்கும் ஒரு கம்பெனி இருந்தது, உனக்கு அது இல்லை, அந்தக் கட்டாயத்தைக் கல்லூரிதான் தர முடியும் என்பது என் பதில். சென்னை போனால் கோவளத்தில் ஓட்டவும் இடம் கிடைக்கும் என்றதும் கொஞ்சம் யோசித்தான். அம்மா இரண்டுக்கும் விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு விஷயத்தில் இறங்கி வந்திருக்கிறார். "திருப்பூருக்கு நானே கூட்டிட்டுப் போறேன், மேடம். மொதல்ல எத்தன பீஸ் அடிக்கணும், ஒண்ணு எவ்வளவுல அடங்கும்னு இவன் கணக்குப் போட்டுக் காட்டட்டும்." பையன் கணக்குப் போட்டான். நான்கு நிறத்தில் வரைந்திருந்த படத்துக்கு நான்கு ஸ்கிரீன், குறைந்த எண்ணிக்கையில் அடித்தால் சட்டை விலை எகிறுகிறது. இந்த மழைக்காலத்தில் பலகையை ஓரம் வைத்துவிட்டு, காட்டெருமையையும் ரயிலையும் ஒரே நிறத்தில், தடித்த கோட்டில் திருப்பி வரைந்துகொண்டிருக்கிறான். பழைய சுவர்ப் படத்திலிருந்து ஒரு கோடுகூட எடுக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். காட்டெருமையின் முகத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டான். ரயில் மட்டும் இன்னும் பழையது மாதிரியே வருகிறது.